மேகத்திலிருந்து வளாகத்திற்கு: மெய்நிகர் கணிப்பொறிகளின் காப்புப்படிகளை மீட்டெடுத்தல்

சொற்றொகைகள், அகராதித் தரவுத்தளங்கள், வட்டார வழக்கு ஒலிப்பதிவுகள் ஆகியவற்றைப் பேணிவரும் நிறுவனங்கள் பல, தம் சேவையகங்களை மேகக் கணிமைக்கு மாற்றியுள்ளன. சேவையகம் நிறுவனத்தின் அறையில் இல்லை; அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகிள் போன்றதொரு நிறுவனத்தின் தரவு மையத்தில் வாடகைக்கு இயங்குகின்றது. அதன் காப்புப்படியும் அங்கேயே நாள்தோறும் எடுக்கப்படுகின்றது. எடுக்கப்படுகின்றது என்னும் செய்தி ஆண்டறிக்கையில் ஒரு வரியாக இடம்பெறும். அக்காப்புப்படியை நிறுவனத்தின் சொந்தக் கணிப்பொறியில் வைத்து இயக்கிப் பார்த்ததுண்டா என்னும் வினா பெரும்பாலும் எழுவதில்லை.

அவ்வாறு இயக்க இயலுமா, இயலுமெனின் எத்தகைய இடர்கள் நேரும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இயலும் என்பதே விடை. ஆயினும் வட்டின் படியை இறக்கி வைப்பது வேறு. இறக்கப்பட்ட கணிப்பொறி எழுந்து நின்று பணிசெய்வது வேறு. முன்னதற்குச் சில கட்டளைகள் போதும். பின்னதற்கு, அக்கணிப்பொறி மேகத்தில் இருந்தபோது எவற்றையெல்லாம் சார்ந்திருந்தது என்பதை அறிதல் வேண்டும். அச்சார்புகள் காப்புப்படிக்குள் இல்லை என்பதே சிக்கலின் வேர்.

1. சில சொற்கள்

ஒரே வன்பொருளின் மேல் பல கணிப்பொறிகள் தனித்தனியே இயங்குவதுபோல் தோற்றுவிக்கும் நுட்பம் புதியதன்று. 1960களில் ஐபிஎம் நிறுவனத்தின் பெருங்கணிப்பொறிகளில் இது உருவாயிற்று. 1972இல் அந்நிறுவனம் விஎம்/370 என்னும் பெயரில் இதனை வெளியிட்டது. சிறு கணிப்பொறிகளுக்கு இந்நுட்பத்தை 1999இல் விஎம்வேர் நிறுவனம் கொணர்ந்தது. லினக்சில் கேவிஎம் என்னும் பெயரில் 2007இல் இது இணைக்கப்பெற்றது. இதற்கிடையே 2006இல் அமேசான் நிறுவனம் இத்தகைய கணிப்பொறிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. இன்று மேகக் கணிமை எனப்படுவதன் பெரும்பகுதி இவ்வாடகை முறையே.

இக்கட்டுரையில் மெய்நிகர் கணிப்பொறி என்பது மென்பொருளால் தோற்றுவிக்கப்பட்ட கணிப்பொறியைக் குறிக்கும். அதனைத் தாங்கி நிற்கும் மென்பொருளுக்கு ஹைப்பர்வைசர் என்னும் ஆங்கிலச் சொல்லே ஆளப்படுகின்றது. இதற்குத் தமிழில் வழங்கும் ஆக்கங்கள் எவையும் இன்னும் நிலைபெறவில்லை. நிறுவனம் தன் கட்டடத்தில் தானே வைத்து நடத்தும் சேவையகம் வளாகச் சேவையகம் எனப்படும். ஒரு குறிப்பிட்ட நொடியில் வட்டு இருந்த நிலையை அப்படியே பதிவுசெய்வது ஸ்னாப்ஷாட். மேக நிறுவனங்கள் காப்புப்படி என விற்பது பெரும்பாலும் இதுவே.

2. இறக்க வேண்டிய தேவை

மேகத்தில் உள்ளது பத்திரமாகத்தானே இருக்கும், அதனை ஏன் இறக்க வேண்டும் என வினவலாம். அண்மை நிகழ்ச்சிகள் சிலவற்றை ஈண்டு நோக்குதல் தகும்.

ஆஸ்திரேலியாவில் 6 லட்சத்திற்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட யூனிசூப்பர் என்னும் ஓய்வூதிய நிதியம், தன் கணிப்பொறிகளைக் கூகிள் மேகத்தின் தனிப்பகுதி ஒன்றில் வைத்திருந்தது. 2023இல் அப்பகுதியை அமைத்த கூகிள் பணியாளர், ஓர் உள்கருவியில் ஒரு புலத்தை நிரப்பாது விட்டார். கருவி அதனை ஓராண்டுத் தவணை எனப் பொருள்கொண்டது. 2024 மே மாதத்தில் தவணை முடிந்தவுடன் அத்தனிப்பகுதி தானே அழிந்தது. வாடிக்கையாளர் தாமே அழிக்கக் கோரியிருந்தால் முன்னறிவிப்பு வந்திருக்கும். இதற்கு அதுவும் வரவில்லை. சேவைகள் மீள ஒரு வாரத்திற்கு மேல் ஆயிற்று. மீட்சிக்கு உதவியவை, அழிந்த பகுதிக்கு வெளியே வைக்கப்பட்டிருந்த காப்புப்படிகளே.

தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26 அன்று தீ விபத்து நேர்ந்தது. அரசு ஊழியர்கள் தம் பணிக்கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் என்னும் சேமிப்பகம் அழிந்தது. அதன் அளவு 858 டெராபைட். வெளியிடத்தில் அதற்குக் காப்புப்படி இல்லை. அளவு மிகப் பெரியது என்பதே அதற்குச் சொல்லப்பட்ட காரணம்.

இவ்விரண்டும் பேரிடர்கள். பேரிடர் இல்லாமலும் தேவை எழுவதுண்டு. திட்ட நிதி முடிந்துபோதல், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமை, தரவு நாட்டெல்லைக்குள் இருத்தல் வேண்டும் என்னும் விதி, மாத வாடகை ஏறிக்கொண்டே போதல் ஆகியவை அன்றாடக் காரணங்கள். கல்வி நிறுவனங்களைப் பொறுத்தவரை நிதி முடிதலே பெருங்காரணம் என்பது கட்டுரையாளர் கருத்து. ஐந்தாண்டுத் திட்டத்தில் தொகுத்த சொற்றொகை ஆறாம் ஆண்டில் எங்கே இருக்கும் என்பதைத் திட்ட முன்மொழிவுகள் அரிதாகவே சொல்லுகின்றன.

3. படி எவ்வடிவில் உள்ளது?

முதல் தடை, காப்புப்படி நம் கைக்கு எட்டும் வடிவில் இல்லாமையாகும். அமேசானின் வட்டு ஸ்னாப்ஷாட்டுகள் அந்நிறுவனத்தின் உட்சேமிப்பில் தொகுதி தொகுதியாக, முந்தைய படியிலிருந்து மாறியவை மட்டும் என்னும் முறையில் வைக்கப்படுகின்றன. அவற்றை ஒரு கோப்பாகக் காணவோ, அப்படியே இறக்கவோ வாய்ப்பில்லை. மைக்ரோசாஃப்ட் அசூரின் காப்புப் பெட்டகத்திலிருந்தும் நேரே வளாகச் சேவையகத்திற்கு மீட்டெடுக்கும் வழி தரப்படவில்லை. முதலில் மேகத்திலேயே ஒரு வட்டாக மீட்க வேண்டும். பிறகு அவ்வட்டிற்குக் குறித்த காலம் மட்டும் செல்லும் இணைய முகவரி ஒன்றைப் பெற்று, விஎச்டி கோப்பாக இறக்க வேண்டும். ஆகவே மேகம் இயங்காத நாளில் இவ்வழிகள் எவையும் திறந்திரா. இறக்கும் வேலையை இடர் வருமுன் செய்து வைத்தாலன்றிப் பயனில்லை.

அமேசானில் கணிப்பொறிப் படிமத்தைக் கோப்பாக மாற்றி வெளியிடும் வசதி உண்டு. விஎம்டிகே, விஎச்டி, ரா ஆகிய மூன்று வடிவங்களில் அது கிடைக்கும். அதற்கு வரம்புகள் சில உள. அமேசான் வழங்கிய விண்டோஸ் அல்லது எஸ்க்யூஎல் சர்வர் படிமத்திலிருந்து உருவான கணிப்பொறியை இவ்வழியில் வெளியே எடுக்க இயலாது. அதன் சந்தைத் தளத்தில் பெற்ற படிமங்களுக்கும் இதுவே விதி. மறைகுறியாக்கம் செய்யப்பட்ட வட்டுகளும் ஏற்கப்படா. பாதுகாப்புக் கருதி எல்லா வட்டுகளையும் மறைகுறியாக்குவதே இன்று நல்ல வழக்கம் எனப் பரிந்துரைக்கப்படுவதால், இவ்வரம்பு பலரைத் தடுக்கும். மறைகுறியாக்கிய வட்டுக்கு வேறொரு வழி உண்டு. ஸ்னாப்ஷாட்டிலிருந்து புதியதொரு வட்டை உருவாக்கி, அதனை மேகத்திலுள்ள துணைக் கணிப்பொறி ஒன்றில் இணைத்து, அதன் உள்ளடக்கத்தை முதல் பைட்டிலிருந்து இறுதி பைட் வரை ஒரு கோப்பாகப் படித்தெடுக்கலாம். துணைக் கணிப்பொறிக்குத் திறவுகோலைப் பயன்படுத்தும் உரிமை உள்ளவரை உள்ளடக்கம் திறந்த வடிவில் கிடைக்கும். வட்டினுள்ளேயே விண்டோஸின் பிட்லாக்கர் இயங்கியிருப்பின் இதுவும் போதாது. அதன் மீட்புத் திறவுகோலைத் தனியே எடுத்து வைத்திருத்தல் வேண்டும். திறவுகோல் மேகத்தின் பெட்டகத்திலேயே இருந்து, மேகக் கணக்கும் மூடப்பட்டுவிட்டால், கையிலுள்ள கோப்பு வெறும் எண்குவியலே.

வடிவமாற்றம் ஒப்பீட்டளவில் எளிது. விஎம்வேருக்கு விஎம்டிகே, மைக்ரோசாஃப்ட் ஹைப்பர்-விக்கு விஎச்டி அல்லது விஎச்டிஎக்ஸ், கேவிஎம்முக்குக் க்யூகவ்2 என ஒவ்வொரு ஹைப்பர்வைசருக்கும் ஒரு வடிவம் உண்டு. க்யூஎம்யு-இமேஜ் என்னும் கட்டற்ற கருவி இவற்றை ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாற்றித் தரும். பழைய விஎச்டி வடிவம் 2 டெராபைட்டுக்கு மேல் கொள்ளாது. விஎச்டிஎக்ஸ் 64 டெராபைட் வரை கொள்ளும். வீம் போன்ற வணிக மென்பொருள்கள் மேகக் காப்புப்படியை நேரே வளாகத்தின் விஎம்வேரில் எழுப்பிக் காட்டும் வசதியைத் தருகின்றன. அவை வடிவமாற்றத்தின் தொல்லையைக் குறைக்கும். பின்வரும் பகுதிகளில் கூறப்படுவனவற்றை முற்றிலும் நீக்கா.

4. இறக்கும் காலமும் கட்டணமும்

இதற்குக் கணக்கு ஒன்றே போதும். நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பில், வேறெவரும் பயன்படுத்தாதபோது, 2 டெராபைட் கோப்பை இறக்க ஏறத்தாழ 44 மணி நேரம் ஆகும். 10 டெராபைட்டுக்கு ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். நொடிக்கு 1 கிகாபிட் இருப்பின் பின்னது 22 மணி நேரமாகக் குறையும். நடைமுறையில் இணைப்பு இடையில் அறுவதும், விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டியிருப்பதும் உண்டு. எனவே விட்ட இடத்திலிருந்து தொடரவல்ல கருவியைப் பயன்படுத்துதலும், இறக்கியபின் ஹாஷ் எண்ணை இருபுறமும் கணக்கிட்டு ஒப்பிடுதலும் கட்டாயம். ஓலைச்சுவடியைப் படியெடுத்தவர் மூலத்தோடு ஒத்துப் பார்த்ததற்கு இது நிகரானது. கணிப்பொறி என்பதால் ஒத்துப்பார்க்கும் வேலை தானே நடந்துவிடும் எனக் கருதலாகாது.

மேகத்திற்குள் தரவை ஏற்றுவதற்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. வெளியே எடுப்பதற்கு உண்டு. கிகாபைட் ஒன்றுக்கு இத்தனை சென்ட் என விதிக்கப்படும் இக்கட்டணம், சில டெராபைட் அளவில் ஒரு துறையின் ஆண்டுச் செலவினத்தில் கண்ணில் படும் தொகையாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டம் 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு மேகத்திலிருந்து மாறிச் செல்வதற்கான கட்டணங்களை 2027 ஜனவரி 12 முதல் அது முற்றிலும் நீக்குகின்றது. இச்சட்டம் நடைமுறைக்கு வருமுன்னரே, 2024இன் முதல் மாதங்களில், கூகிள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் மேகத்தை விட்டு வெளியேறும் வாடிக்கையாளருக்கு வெளியேற்றக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தன. வெளியேறாமல், காப்புக்காக மட்டும் மாதந்தோறும் ஒரு படியை இறக்குவோர்க்கு இத்தள்ளுபடி பொருந்தாது என்பது கவனிக்கத்தக்கது.

5. எழுப்புதல்

கோப்பு வளாகத்திற்கு வந்துவிட்டது. கேவிஎம் இயங்கும் சேவையகத்தில் அதனை வட்டாக இணைத்தாயிற்று. இனித்தான் உண்மையான வேலை தொடங்குகின்றது.

முதலில் செயலியைப் பார்க்க வேண்டும். அமேசானின் கிராவிட்டான் வகைக் கணிப்பொறிகள் ஆர்ம் கட்டமைப்பைச் சார்ந்தவை. வாடகை குறைவு என்பதால் பலரும் அவற்றைத் தேர்ந்தெடுக்கின்றனர். அவற்றின் படியை இன்டெல் அல்லது ஏஎம்டி செயலி கொண்ட வளாகச் சேவையகத்தில் பயன்படத்தக்க வேகத்தில் இயக்க இயலாது. அந்நிலையில் கணிப்பொறியின் படி பயன்படாது. அதிலிருந்து தரவை மட்டும் எடுத்துப் புதிய கணிப்பொறியில் இட வேண்டும்.

அடுத்து, எழுச்சி முறை. பழைய பயாஸ் முறை, புதிய யூஈஎஃப்ஐ முறை என இரண்டு உண்டு. அசூரில் முதல் தலைமுறைக் கணிப்பொறிகள் முன்னதையும் இரண்டாம் தலைமுறையின பின்னதையும் பயன்படுத்துகின்றன. எம்முறையில் நிறுவப்பட்டதோ அம்முறையில் எழுப்பவில்லையெனில், எழுப்பத்தக்க வட்டே இல்லை என்னும் செய்தி திரையில் வரும். கோப்பு பழுதாகிவிட்டது எனக் கருதி மீண்டும் 44 மணி நேரம் இறக்கத் தொடங்குவோரும் இருக்கக்கூடும்! யூஈஎஃப்ஐ முறையில் மற்றொரு நுட்பமும் உண்டு. எவ்வட்டின் எக்கோப்பிலிருந்து எழ வேண்டும் என்னும் குறிப்பு வட்டில் இல்லை. கணிப்பொறியின் நிலைநினைவகத்தில் உள்ளது. வட்டின் படியோடு அது வருவதில்லை. பொது இடத்தில் வைக்கப்பட்ட மாற்று எழுச்சிக்கோப்பு இருந்தால் அதிலிருந்து எழும்; இல்லையேல் கையால் குறிப்பை எழுத வேண்டும்.

மூன்றாவதும் மிகுதியாக நேர்வதும் இயக்கிகளைப் பற்றிய சிக்கலாகும். இயக்கி என்பது இயங்குதளம் ஒரு கருவியோடு பேசுவதற்கான மென்பொருள். அமேசானின் இன்றைய கணிப்பொறிகளில் வட்டு என்விஎம்ஈ கருவியாகவும் வலையட்டை அமேசானுக்கே உரிய ஈஎன்ஏ கருவியாகவும் தோன்றும். அசூரில் ஹைப்பர்-வியின் கருவிகள் தோன்றும். கேவிஎம்மில் விர்ட்ஐஓ கருவிகள். லினக்ஸ் எழும்போது முதலில் ஒரு சிறு தொடக்கக் கோப்புத்தொகுதி நினைவகத்தில் ஏற்றப்படுகின்றது. உண்மையான வட்டைக் கண்டுபிடிக்க வேண்டிய இயக்கிகள் அதனுள் இருக்க வேண்டும். சில விநியோகங்கள் இடத்தைச் சேமிக்கக் கருதி, உருவாக்கும் நேரத்தில் தாம் காணும் வன்பொருளுக்குரிய இயக்கிகளை மட்டுமே அதனுள் வைக்கின்றன. மேகத்தில் உருவாக்கப்பட்ட தொகுதியில் வளாகத்தின் இயக்கி இல்லாது போகலாம். அப்போது எழுச்சி பாதியில் நின்றுவிடும். மூல வட்டைக் காணவில்லை எனச் செய்தி வரும். விண்டோஸில் இதே நிலை நீலத்திரையாகவும், எழுச்சிக் கருவியை அணுக இயலவில்லை என்னும் பொருளுடைய பிழைச்சொல்லாகவும் வெளிப்படும்.

தீர்வுகள் கடினமல்ல, முன்கூட்டித் தெரிந்திருந்தால். விர்ட்-வி2வி என்னும் கருவி, வேற்று ஹைப்பர்வைசரிலிருந்து வந்த வட்டைத் திறந்து விர்ட்ஐஓ இயக்கிகளைச் சேர்த்துத் தரும். விண்டோஸில் கையால் செய்யும் வழி ஒன்றும் உண்டு: எழுச்சி வட்டைப் பழைய சாட்டா கருவியாக இணைத்து எழுப்பி, அதனோடு வெறுமையான சிறு விர்ட்ஐஓ வட்டு ஒன்றையும் இணைத்து, விண்டோஸ் அதனைக் கண்டு இயக்கியை நிறுவியபின், அணைத்து, எழுச்சி வட்டையும் விர்ட்ஐஓவிற்கு மாற்றுவது. எல்லாவற்றினும் சிறந்த வழி, மேகத்தில் இயங்கும்போதே வளாகத்தின் இயக்கிகளையும் தொடக்கத் தொகுதியில் சேர்த்து வைப்பதாகும். சில மெகாபைட் கூடும். பிற்காலத்தில் ஓர் இரவு மிச்சமாகும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் திரை கறுப்பாகவே இருப்பதுண்டு. மேகக் கணிப்பொறிகளுக்குத் திரை இல்லை. ஆதலின் எழுச்சிச் செய்திகளைத் தொடர்வரிசை வாயிலுக்கு மட்டும் அனுப்புமாறு பல படிமங்கள் அமைக்கப்பட்டுள்ளன. வளாகத்தில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் கணிப்பொறி எழவில்லை என முடிவுசெய்து விசையை அணைப்பார். அது எழுந்து உள்நுழைவுக்குக் காத்திருக்கும். மெய்நிகர் கணிப்பொறியின் அமைப்பில் ஒரு தொடர்வரிசை வாயிலைச் சேர்த்து அதனைப் பார்த்தால் உண்மை விளங்கும்.

பிறகு வலைப்பின்னல். மேகத்தில் ஐ.பி. முகவரி மேக நிறுவனத்தால் வழங்கப்பட்டது. உபுண்டு போன்றவற்றில் வலையட்டை அதன் மேக் முகவரியால் அடையாளம் காணப்பட்டு, அவ்வடையாளம் அமைப்புக்கோப்பில் எழுதப்பட்டிருக்கும். வளாகத்தில் அட்டையின் முகவரி வேறு. ஆகவே கணிப்பொறி வலையின்றி நிற்கும். பழைய மேக் முகவரியையே புதிய மெய்நிகர் அட்டைக்குத் தருதல் விரைவான வழி. அமைப்புக்கோப்பைத் திருத்துதல் நிலையான வழி. மேகக் கணிப்பொறிகளில் கிளவுட்-இனிட் என்னும் மென்பொருள் ஒவ்வோர் எழுச்சியிலும் மேகத்தின் தகவல் சேவையை 169.254.169.254 என்னும் முகவரியில் தேடும். வளாகத்தில் அம்முகவரியில் எவரும் இல்லை. சில அமைப்புகளில் அது விடைக்காகச் சில நிமிடங்கள் காத்திருந்து பின்னரே மேற்செல்லும். அதனைச் செயலிழக்கச் செய்துவிடுதல் நன்று.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று கூற வேண்டும். மேகத்தில் எந்த வாயில் எவருக்குத் திறந்திருக்கும் என்னும் விதிகள் கணிப்பொறிக்கு வெளியே, மேகத்தின் வலையமைப்பில் எழுதப்பட்டிருந்தன. கணிப்பொறிக்குள் எவ்விதத் தடுப்பும் இல்லாமலே அது பாதுகாப்பாக இருந்திருக்கும். அவ்விதிகள் வட்டில் இல்லை. வளாகத்தில் எழுப்பிய மறுகணமே அதன் தரவுத்தள வாயில் பல்கலைக்கழக வலை முழுதுக்கும் திறந்து கிடக்கும். ஆதலின் முதன்முறை எழுப்பும்போது தனித்த வலையில், வெளித்தொடர்பின்றி எழுப்புதல் வேண்டும்.

6. வட்டில் இல்லாத தரவு

ஒரு மொழி நிறுவனத்தின் சொற்றொகைத் தளத்தை எடுத்துக்கொள்வோம். தேடல் பக்கத்தைக் காட்டும் மென்பொருள் மெய்நிகர் கணிப்பொறியில் உள்ளது. சொற்கள் உள்ள தரவுத்தளமோ மேக நிறுவனமே நடத்தும் தரவுத்தளச் சேவையில் இருக்கும். ஒலிப்பதிவுகள் பொருட்சேமிப்பகத்தில் இருக்கும். அவற்றை அணுகுவதற்கான அனுமதியைக் கணிப்பொறி முன்பு குறிப்பிட்ட தகவல் சேவையிலிருந்து அவ்வப்போது பெற்றுக்கொள்ளும். இக்கணிப்பொறியின் காப்புப்படியை வளாகத்தில் வெற்றியுடன் எழுப்பினால் கிடைப்பது என்ன? அழகிய முகப்புப் பக்கமும், எச்சொல்லைத் தேடினாலும் பிழை என்னும் விடையும். இது மிகைக்கூற்றன்று; இன்றைய மேக அமைப்புகள் பெரும்பாலும் இவ்வாறே பிரித்து அமைக்கப்படுகின்றன.

வட்டிலேயே தரவுத்தளம் இருந்தாலும், ஸ்னாப்ஷாட் எடுத்த நொடியில் எழுதிக்கொண்டிருந்தவை என்னவாகும் என்பதும் வினாவே. இரு வகைப் படிகள் உண்டு. ஒன்று, மின்சாரம் திடீரென நின்றால் வட்டு எவ்வாறிருக்குமோ அந்நிலையில் எடுத்தது. மற்றொன்று, விண்டோஸின் விஎஸ்எஸ் போன்ற ஏற்பாட்டால் பயன்பாடுகளைக் கணநேரம் நிறுத்தி, நினைவகத்தில் உள்ளதை வட்டில் எழுதச் செய்து எடுத்தது. போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள் முதல்வகைப் படியிலிருந்தும் தம் முன்பதிவேட்டைக் கொண்டு மீண்டெழும். ஆனால் தரவு ஒரு வட்டிலும் முன்பதிவேடு வேறு வட்டிலும் இருந்து, இரண்டின் ஸ்னாப்ஷாட்டுகளும் வெவ்வேறு நொடிகளில் எடுக்கப்பட்டிருந்தால் இவ்வுறுதி இல்லை. அசூரில் தற்காலிக வட்டு எனத் தரப்படுவது காப்புப்படியில் சேர்வதே இல்லை. அதன் பெயர் டி எழுத்தாக இருப்பதால், அதில் கோப்புகளை வைத்து இழப்பதற்கு வாய்ப்பு மிகுதி.

இவற்றை எண்ணிப் பார்க்கையில், கட்டுரையாளருக்கு ஒரு கருத்து வலுப்படுகின்றது. மொழித் தரவுகளைப் பொறுத்தமட்டில் கணிப்பொறியின் படி இரண்டாம் இடம் பெறவேண்டியது. தரவின் படியே முதலிடம் பெற வேண்டும். தரவுத்தளத்தை எளிய எழுத்துக்கோப்பாக வெளியிட்டும், ஒலிப்பதிவுகளைப் பொதுவடிவில் அவற்றின் விவரக்குறிப்புகளோடும் இறக்கி வைத்தால், எக்கணிப்பொறியிலும் எவ்வியங்குதளத்திலும் அவற்றை மீண்டும் அமைக்கலாம். தமிழ்க் கணிமை இதனை நேரில் கண்டுள்ளது. தஸ்கி, டாப், டாம் எனப் பல குறியாக்கங்களில் தட்டச்சான கோப்புகள் வட்டுகளில் பழுதின்றி இருந்தன. குறியாக்கம் இன்னதென்னும் செய்தியும் எழுத்துருவும் உடனில்லாதபோது படிக்க முடியாதனவாயின. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் டாபும் டாமும் தரமாக ஏற்கப்பெற்றன; 2010இல் தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது. இடைப்பட்ட காலக் கோப்புகளை வைத்திருப்போர், பைட்டுகள் முழுமையாக இருந்தும் உரை இல்லாமற் போவதன் பொருளை அறிவர். மெய்நிகர் கணிப்பொறியின் படியும் தன் சூழலைத் தன்னுடன் கொண்டுவராத ஒரு கோப்பே.

இதற்காகக் கணிப்பொறிப் படியைக் கைவிடலாம் என்பது கருத்தன்று. பல ஆண்டுகளில் சிறுகச்சிறுகத் திருத்தப்பட்ட உருபனியல் பகுப்பான், அதன் நூலகங்கள், அமைப்புக்கோப்புகள் ஆகியவற்றை எவரும் முழுமையாக எழுதி வைத்திருப்பதில்லை. அவற்றை எழுதியவர் பணியை விட்டுச் சென்றபின் கணிப்பொறிப் படி ஒன்றே சான்றாக எஞ்சும்.

7. ஒத்திகையும் அதன்பின்னும்

கிட்லேப் நிறுவனத்தில் 2017 ஜனவரி 31 அன்று பணியாளர் ஒருவர் முதன்மைத் தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்தார். காப்புக்கு ஐந்து முறைகள் அமைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் எதுவும் நம்பத்தக்க வகையில் இயங்கவில்லை என அந்நிறுவனமே வெளிப்படையாகக் கூறியது. நாள்தோறும் எடுக்கப்பட வேண்டிய படி, மென்பொருளின் பதிப்பு பொருந்தாமையால் எடுக்கப்படவே இல்லை. அதனை அறிவிக்க வேண்டிய மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்திற்கு முன் ஒருவர் கையால் எடுத்த ஸ்னாப்ஷாட்டே கைகொடுத்தது. அவ்வாறு மணி நேரத் தரவு இழக்கப்பட்டது.

ஒத்திகை ஆண்டுக்கு இருமுறையேனும் நடத்தப்பெறுதல் வேண்டும். படியெடுத்தவர் அல்லாத ஒருவர், எழுதி வைத்த குறிப்பை மட்டும் கொண்டு, தனித்த வலையில் கணிப்பொறியை எழுப்ப வேண்டும். ஒரு சொல்லைத் தேடி, ஓர் ஒலிப்பதிவை இயக்கிக் கேட்க வேண்டும். தொடங்கியது முதல் கேட்டது வரை ஆன நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவர் எங்கே தடுமாறினார் என்பதே குறிப்பில் விடுபட்டது. குறிப்பில் செயலி வகை, எழுச்சி முறை, வட்டுகளின் எண்ணிக்கையும் வரிசையும், பழைய மேக் முகவரி, வாயில் விதிகள், வெளிச்சேவைகளின் பட்டியல், திறவுகோல்கள் வைக்கப்பட்ட இடம், உரிமச் செய்திகள் ஆகியவை இடம்பெற வேண்டும். மேகத்தில் இயங்கிய விண்டோஸ், மேக நிறுவனத்தின் உரிமத்தில் இயங்கியிருக்கலாம். வளாகத்தில் அதற்குத் தனி உரிமம் தேவைப்படும். இக்குறிப்பு மேகத்தில் இருக்கலாகாது. தாளில் அச்சிட்டு வைப்பது நகைப்பிற்குரியதன்று.

உண்மையாகவே மாறும் நாளில் மற்றோர் இடரும் உண்டு. வளாகத்தில் எழுப்பிய கணிப்பொறி இயங்கத் தொடங்கியபின்னும் மேகத்திலுள்ள மூலம் அணைக்கப்படாமல் இருந்தால், இரண்டிலும் பதிவுகள் சேரும். ஒரு தொகுப்பாளர் பழைய முகவரியில் ஒரு சொற்பொருளைத் திருத்துவார். மற்றொருவர் புதியதில் அதே பதிவை வேறாகத் திருத்துவார். ஒரே மூலத்திலிருந்து பிரிந்த இரு படிகள் தனித்தனியே கைபட்டு வளரும்போது தோன்றும் பாடவேறுபாடுகளைப் பதிப்பாசிரியர் நன்கறிவர். அவற்றுள் எது முந்தியது எனக் காட்டும் குறிப்பு தரவுத்தளத்தில் பெரும்பாலும் இராது. விண்டோஸ் வலைகளின் கள ஆட்சிச் சேவையகங்களில் இது மேலும் கடுமையாகும். பழைய நிலையிலிருந்து எழுந்த சேவையகம், ஏனையவை ஏற்கெனவே அறிந்த மாற்ற எண்களையே புதிய மாற்றங்களுக்கும் இட்டு, அவற்றோடு ஒத்திசையாமற் போகும். 2012ஆம் ஆண்டின் விண்டோஸ் சர்வர் பதிப்பு முதல் இதனைக் கண்டறியும் ஏற்பாடு உண்டெனினும், அது ஹைப்பர்வைசரின் துணையைச் சார்ந்தது. ஆகவே இறுதிப் படியை எடுக்குமுன் மேகத்திலுள்ள தளத்தைப் படிப்பதற்கு மட்டும் உரியதாக்கி, எடுத்தபின் அணைத்து, வளாகத்தில் எழுந்தது சரிபார்க்கப்பட்ட பின்னரே எழுதும் உரிமையைத் திறக்க வேண்டும். அணைத்த மூலத்தை உடனே அழித்துவிடாமல், வட்டு வாடகை மட்டும் செலுத்தி ஓரிரு மாதம் வைத்திருத்தல் தகும்.